கழுவிய இரும்பு

சைக்கிள் ஹேண்டில்பாரின் ஒரு முனையில் ரப்பர் ஓஸைச் செருகிவிட்டு, மறுமுனையைப் பார்த்தபடி கயல்விழி காத்திருந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். செம்மண், துரு, ஏதோ பூச்சியின் கூடு எல்லாம் கலங்கலாக வந்து விழுந்தன. தண்ணீர் தெளிகிற வரைக்கும் அப்படியே பிடித்திருந்தாள். தெளிந்ததும் ஒரு உதறு உதறி, கழுவி அடுக்கியிருந்தவற்றின் மேல் வைத்தாள். இன்னும் கால்வாசிக் குவியல் பாக்கி இருந்தது.

பழைய இரும்பை யாரும் கழுவிப் பார்த்ததில்லை. சூலூரில் தாஜுன்னிசாவின் பழைய இரும்புக் கடை பதினெட்டு வருஷமாக இருக்கிறது. புருஷன் இறந்த பிறகு ஆறு வருஷமாக அவளேதான் நடத்துகிறாள். தறிப் பட்டறையிலிருந்தும் மில்லிலிருந்தும் ஊர் ஊராகத் திரியும் சைக்கிள் வியாபாரிகளிடமிருந்தும் இரும்பு வரும். கயல்விழியும் சின்னாத்தாளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பிரித்தது பம்புசெட்டு வார்ப்படம் போடும் பவுண்டரிக்குப் போகும். அங்கே இத்தனை நாளும் இருந்தது கரி போட்டு எரிக்கிற குப்போலா. பனைமர உயரத்துக்கு நிற்கும் அந்த உலையில் மேலேயிருந்து இரும்பைக் கொட்டினால், கரிப்புகையிலேயே காய்ந்து, சூடாகி, மெதுவாகக் கீழே இறங்கித்தான் உருகும். மண்ணோடு போனாலும் சரி, மழையில் நனைந்து போனாலும் சரி, குப்போலா ஒன்றும் கேட்காது.

போன தை மாதம் அந்தப் பவுண்டரியில் கரண்டில் ஓடும் உலை ஒன்றை வைத்தார்கள். அதற்குக் காரணம் ஒரு காகிதம். அங்கிருந்து பம்பின் இரும்புக்கூடுகளை வாங்கும் டென்மார்க் கம்பெனி, ஒவ்வொரு வார்ப்படத்துக்கும் எவ்வளவு கரி எரிந்தது என்று எழுதிக் கேட்டிருந்தது. பவுண்டரியில் எரிந்தது மட்டும் போதாதாம். இரும்பு எங்கிருந்து வந்தது, அதைச் செய்ய எவ்வளவு எரிந்தது, அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது அந்தக் காகிதம். மண்ணிலிருந்து வெட்டி எடுத்த புது இரும்பென்றால் கணக்கு ஏறும். பழைய இரும்பை மறுபடி உருக்கினால் இறங்கும். அதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போக டென்மார்க்கிலிருந்தே ஒரு ஆள் வருகிறார் என்று பவுண்டரி என்ஜினியர் பாலகோபால் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் எழுதுகிற பட்டியலில் இருக்கும் கடையிலிருந்துதான் இனி இரும்பு எடுப்பார்களாம்.

அன்றைக்கு எல்லோரும் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரீஸும் சேறும் அப்பிய குவியல். ஒரு ஓரத்தில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

“இதப் பாத்துப்போட்டு அந்தாளு ஓடிப்போயிருவானே கண்ணுகளா,” என்றாள் தாஜுன்னிசா.

கயல்விழி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. புருஷன் மாசாணத்திடம்கூடப் பாதி தலையாட்டித்தான் பேசுவாள். அன்றைக்கு என்னவோ வாயில் வந்துவிட்டது.

“கழுவிப்போடலாங்களாக்கா?”

சின்னாத்தாள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டாள். “அடி ஆத்தா, இந்தப் புள்ளைக்கு வாயி இருக்குதா! மாசாணம் ஊமையக் கட்டிக்கிட்டான்னு நான் ஒரு வருசமா வெசனப்பட்டுட்டு இருக்கறேன்.”

“நீ சும்மா இரு,” என்ற தாஜுன்னிசா, கயல்விழியின் தோளில் கை வைத்தாள். “நல்ல ரோசனை அம்மணி. ஊட்டுக்கு ஆளு வந்தா வாசல் கழுவறதில்லையா, அந்த மாதிரி.”

அந்தக் கை வைத்த இடம் சாயங்காலம் வரைக்கும் சுடுவதுபோலவே இருந்தது கயல்விழிக்கு. இரண்டு நாள் போர் மோட்டார் ஓடியது. ஒரு உலைக்குத் தேவையான அரை டன் இரும்பு பாத்திரம்போல மினுங்கியது.

டென்மார்க்காரர் மூன்று மணிக்கு வந்தார். நெட்டையான ஆள். பங்குனி வெயிலில் கழுத்து மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது. தாஜுன்னிசா கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, இரும்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பாலகோபால் தமிழில் கேட்க, மற்றவர்களெல்லாம் கயல்விழியைப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் தெரியும். பார்த்தாலே தெரியும். “இது சோமனூர் தறிச் சக்கரமுங்க... இது நூல் மில்லுதுங்க... இந்தப் பைப்பெல்லாம் காங்கேயத்துப் பக்கம் தூந்து போன போருலீருந்து உருவுனதுங்க.” முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். அவர் பென்சிலை நிறுத்திவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து எழுதினார். யாரும் அவளுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

“எதுக்குங்க சார் இத்தன கேள்வி?” என்றாள் சின்னாத்தாள்.

“கரிப் பொகையினால பூமியே சூடாவுதாமுங்க. அவங்க ஊர்ல பம்பு வாங்கறவனே கேக்கறானாம், இதுக்கு எத்தன கரி எரிச்சீங்கன்னு,” என்றார் பாலகோபால்.

“நம்மூரு சூடாவறதுக்குக் கரி வேற எரிக்கோணுமாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். கயல்விழி சிரிக்கவில்லை. ஒரு தடவை எரித்ததற்கே மறுபடி எரிக்க வேண்டாம் என்கிற அந்த எண்ணம் அவளுக்குப் பிடித்திருந்தது. உடைந்தது, துருப்பிடித்தது, ஒன்றுக்கும் ஆகாது என்று தெருவில் வீசியது எல்லாம் இத்தனை நாளும் அவள் கையில் வந்து விழுந்தது. அதைத் தேடிக்கொண்டு ஒருவர் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

டெம்போவில் ஏற்றி, எடை போட்டு, தார்ப்பாய் கட்டினார்கள். டென்மார்க்காரர் பையிலிருந்து கம்பியையும் ஈய வில்லையையும் எடுத்தார். தார்ப்பாயின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கம்பியைக் கோத்து, வில்லையை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைத்தார். இந்தக் கடையில் பார்த்த இரும்புதான் அந்த உலையில் விழுந்தது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் காலையில் அந்த முத்திரையை அவர் கையால்தான் வெட்டுவார். அதுவரை யாரும் தொடக்கூடாது. டெம்போ புறப்பட்டபோது தார்ப்பாயின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர், வாசல் மண்ணில் ரோடு வரைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனது.

மாசாணம் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டான். மூன்று வாரம் பழகிவிட்டு இப்போது கரண்டு உலையின் மேடையில் நிற்கிறவன் அவன்தான். சைக்கிளைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினான். முன்கையில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு கொப்புளம்.

“இதென்னங்க மாமா?”

“ஒண்ணுமில்ல புள்ள. கசடு வழிக்கற கரண்டிய ஒரு மடையன் கழுவித் தொடைக்காம வெச்சுப்போட்டான். நான் பாக்காம உள்ள உட்டுட்டேன். ஒரு சொட்டுத் தண்ணிதான் இருந்திருக்கும். வேட்டுப் போட்டாப்பல சத்தம். இரும்பு கூரைத் தகரம் வரைக்கும் எந்திரிச்சுப் போச்சு.” அவன் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னான். “குப்போலா எருமை மாதிரிங்கறேன். எதப் போட்டாலும் திங்கும். இது அப்பிடியில்ல. உருகி நிக்கிற இரும்புக்குள்ள தண்ணி போயி மாட்டுச்சுன்னா, அது வெளிய வாரதுக்கு வழி தேடும். வழியில நிக்கிறது நாமதான்.”

கயல்விழி கையிலிருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள். போர்ப் பைப்பு, ஹேண்டில்பார், வளைந்த மொபெட் பைப்பு என்று கண் முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவள் உதறியபோது வராமல் உள்ளேயே நின்றுவிட்ட தண்ணீர் எவ்வளவு? சொன்னால் தன் பேர் வரும். தாஜக்காவின் கடை பட்டியலில் இல்லாமல் போகும். தோளில் வைத்த கை ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்த மறுநொடியே வாயைத் திறந்துவிட்டாள்.

“மாமா, நாளைக்கு வார இரும்ப நாங்க கழுவியிருக்கறோமுங்க.”

அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு நின்றது. “கழுவியா?”

“ஓஸ் வெச்சு. உள்ளயும் உட்டு.”

“யாரு சொன்னா?”

“நாந்தானுங்க.”

மாசாணம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வாசல் கல்லில் உட்கார்ந்து, கொப்புளத்தின் மேல் லேசாக ஊதிக்கொண்டே, “பைப்பு எத்தன இருக்கும்?” என்று கேட்டான்.

“முப்பது இருக்குமுங்க.”

“செரி. காலைல வெள்ளன போயி என்ஜினியர்கிட்டச் சொல்லிக்கலாம். நீயும் வா.” துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, “பயப்படாத,” என்றான். அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

காலை எட்டு மணிக்குப் பவுண்டரி கேட்டுக்குள் டெம்போ நின்றிருந்தது. இராத்திரி முழுக்கத் தார்ப்பாய்க்குள் புழுங்கிக் கிடந்த இரும்பு. துணியின் உள்பக்கம் வியர்த்திருந்தது வெளியிலேயே தெரிந்தது. மாசாணம் சொன்னதைக் கேட்டுப் பாலகோபால் நெற்றியைத் தேய்த்தார். இருபது வருஷம் குப்போலாவோடு வாழ்ந்தவர். புது உலைக்கு வந்த புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தார்.

“ஏம்மா, கழுவச் சொல்லி நான் சொன்னனா? சேறு போனாப் போவுது, ஈரம் ஆவாதுன்னு எழுதியிருக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேற லோடு போடவும் முடியாது. சீல் வெச்சிருக்கறான். ஒரு பைப்பு கொறஞ்சாலும் எடை ஒதைக்கும். ஒரு மணிக்குக் கரண்டப் புடுங்கிருவாங்க. ரெண்டரைக்கு அந்தாளுக்குப் பிளேன். மொதலாளி காலைலயே பழனிக்கு வேண்டிட்டு உக்காந்திருக்கறாரு.”

“சார், நின்னு வெந்து போறது நானுங்க,” என்றான் மாசாணம். மரியாதையாகத்தான் சொன்னான்.

“அதுக்குத்தானப்பா ரோசனை பண்றேன்.”

இரண்டு பேரும் டெம்போவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. தகரக் கூரையிலிருந்து படபடவென்று சத்தம் வந்தது. கயல்விழி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, “சார்,” என்றாள்.

அவர் திரும்பினார்.

“சக்கரம், கட்டி மாதிரி இருக்கறதெல்லாம் மொதல்ல போட்டுட்டா... அது உருகறதுக்குள்ள பைப்பையெல்லாம் வெயில்ல பரத்திப்போடலாமுங்க. நாங்களே பொரட்டிப் பொரட்டிக் காய வெச்சுக் கடைசியாக் குடுத்தர்றமுங்க.”

பாலகோபால் மாசாணத்தைப் பார்த்தார். மாசாணம் வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. “ரெண்டு மணி நேரம் கெடைக்கும்,” என்றான். “இந்த வெயில்ல எருமைச் சாணியே காஞ்சிரும்.”

“உன்ற சம்சாரம் என்ஜினியருக்குப் படிச்சிருக்கோணுமப்பா,” என்றார் பாலகோபால். அவர் முகம் தெளிந்துவிட்டது.

மேடையில் ஏறப் போகும்போது மாசாணம் அவளைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

ஒன்பதரைக்கு டென்மார்க்காரர் வந்து முத்திரையை வெட்டினார். பாலகோபால் என்ன சொன்னாரோ, அவர் சம்மதமாகத் தலையாட்டினார். அவர் காகிதத்தின் ஆள். உலையின் ஆள் இல்லை. எடை சரியாக இருந்தால் எது முன்னால், எது பின்னால் என்பதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. சக்கரங்களும் மில் வார்ப்படத் துண்டுகளும் உள்ளே போயின. கரண்டு போட்டதும் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. முதலில் குளவிபோல இருந்தது. பிறகு காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பல்லிலும் விலா எலும்பிலும் அதிர்ந்தது. புகை இல்லை. குப்போலா எரிந்த நாளில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட முடியாது என்பார்கள். இன்றைக்கு வேப்பமரத்து இலைகூடப் பச்சையாகத் தெரிந்தது. சாவு வீட்டில் அழுகை நின்ற பிறகு இருப்பதுபோல இருந்தது அந்தச் சுத்தம்.

கயல்விழியும், சேதி தெரிந்து வந்து சேர்ந்த சின்னாத்தாளும் வெளியே சிமெண்ட் தளத்தில் பைப்புகளைப் பரப்பினார்கள். ஒவ்வொன்றையும் சாய்த்தார்கள். சிலவற்றில் தண்ணீர் ஓடி வந்தது. சிலவற்றில் வரவில்லை. பத்து மணிக்கே இரும்பு கையைச் சுட்டது. பதினோரு மணிக்குத் துணி சுற்றாமல் தொட முடியவில்லை. வற்றலைப் புரட்டுவதுபோலப் புரட்டிக்கொண்டே இருந்தாள். இடையிடையே கொட்டகையை எட்டிப் பார்த்தாள். உலையின் வாய் கறுப்பிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளும் போய் பார்க்க முடியாத ஒரு வெள்ளையாகிவிட்டிருந்தது. டென்மார்க்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து எழுதினார்.

பதினொன்றேகாலுக்குப் பாலகோபால் வந்து குனிந்தார். ஒரு பைப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். “நல்லா சுடுதே! போதும், போதும். ஏத்துங்க.”

பைப்புகளைச் சங்கிலியில் தொங்கும் இரும்பு வாளியில் நிறைத்தார்கள். இரண்டு ஆட்கள் சங்கிலியை இழுக்க, வாளி மெதுவாக எழும்பிக் கொட்டகைக்குள் போனது. வாளியில் அடங்காமல் ஒரு ஹேண்டில்பார் தளத்திலேயே விழுந்து கிடந்தது. எடை குறைந்துவிடுமே என்று கயல்விழி முந்தானையால் பிடித்து எடுத்தாள். கொதித்தது. சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஏனோ அதைத் தளத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். வளைவில் அடைத்திருந்த மண் கட்டி ஒன்று பொதுக்கென்று விழுந்தது. அதன் பின்னாலேயே, வெந்நீராக, உள்ளங்கை கொள்ளும் தண்ணீர்.

சிமெண்டில் அது காய்ந்துகொண்டே பரவுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. யாரும் சொல்லாமலேயே, தினமும் அவள் கை செய்கிற வேலை அதைச் சொன்னது. கழுவிய சட்டியை வெறுமனே அடுப்பில் வைத்து, ஈரம் சுண்டிய பிறகுதானே எண்ணெய் ஊற்றுகிறோம்? எண்ணெய் காய்ந்த பிறகு ஈரத்தைக் கொண்டுபோய்ப் போடுவார்களா? பைப்பெல்லாம் முதலில் போயிருக்க வேண்டும். வெறும் உலையில், குளிர்ந்த உலையில் போயிருந்தால் சூடு ஏற ஏற ஈரம் ஆவியாகி, மாசாணத்தின் முகத்துக்கு நேரே சாதுவாகப் போயிருக்கும். இப்போது கீழே அரை உலைக்கு இரும்பு தண்ணீராக நிற்கிறது. கடைசியாகப் போடலாம் என்று சொன்னது யார்?

அவள் ஓடினாள். கொட்டகைக்குள் கால் வைத்ததும் அந்த ரீங்காரம் அவளை மூடிக்கொண்டது. மேடையின் மேலே மாசாணம் வாளியின் அடித்தட்டைத் திறக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எதிரே டென்மார்க்காரர் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தார். இரும்பு உலையில் விழுகிற நேரத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். முகம் தெரியட்டும் என்று சைகை காட்டினார். மாசாணம் உலை வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த நீலக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். கையால் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டான்.

“மாமா!”

இத்தனை பேர் முன்னால் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. இத்தனை சத்தமாக எங்குமே கூப்பிட்டதில்லை. “மாமா, போட வேண்டா! உள்ள தண்ணி இருக்குது!” தொண்டை கிழிந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாலகோபால் படத்தில் விழாமல் ஒதுங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையிலிருந்த ஹேண்டில்பாரைத் தூக்கி ஆட்டினாள். மேடைப் படியில் ஒரு காலை வைத்தாள். சங்கிலி இழுப்பவன் ஒருவன் அவளைப் பார்த்தான். படத்தில் தானும் வர ஆசைப்பட்டு வருகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, போ போ என்று கையைக் காட்டினான்.

வாளி உலையின் வாய்க்கு நேரே வந்து லேசாக ஆடி நின்றது. வெள்ளை வெளிச்சம் மாசாணத்தின் முகத்தைக் கீழிருந்து மேலாக நிறைத்திருந்தது. அவன் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பவன்போல மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான். டென்மார்க்காரர் ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடி, இன்னொரு கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

அந்தக் கையில் மூன்று விரல்கள் நீட்டியிருந்தன. பிறகு இரண்டு.